பதினேழாம் எண்ணுக்கு இரண்டாம் சோதனை

சாரல் காலத்தில் தென்காசியில் துணி காயாது. இந்த ஊரில் எனக்கு இருந்த குறை அது ஒன்றுதான். காயத்துக்குக் கட்டும் துணிகளைக் கொதிக்கவைத்துப் பிழிந்து, கரியடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்துவோம். புகைநாற்றம் ஏறாமல் உலர்த்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். என் கம்பவுண்டர் தங்கசாமிக்கு அது இருந்தது. ஆறு வருடத்தில் என் ஆஸ்பத்திரியில் ஒரு தையல்கூடச் சீழ் பிடித்ததில்லை. இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பின்னால் வருவதைப் படிக்கிறவர்கள் நான் ஏதோ அசட்டையான வைத்தியன் என்று எண்ணிவிடக் கூடாது.

என் பெயர் அருமைநாயகம். சென்னையில் படித்துப் பட்டம் வாங்கி, 1955-இல் குற்றாலம் சாலையில் எட்டுக் கட்டில் போட்டு இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினேன். ஆண்களின் நோய்கள் மட்டும். நீர்க்கடுப்பு, கல், விரைவீக்கம். விரைவீக்கத்தை இங்கே ஓதம் என்பார்கள். என்பார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு, நடையை மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் மறைப்பார்கள். கட்டிய மனைவியிடமும் பேச்செடுக்க மாட்டார்கள்.

ஆனி, ஆடியில் அருவி விழத் தொடங்கியதும் என் கட்டில்கள் நிறைந்துவிடும். ஊர் ஊராக ஜனங்கள் குளிக்க வருகிற நேரம் அது. ஓர் ஆண்பிள்ளை வீட்டில், “குற்றாலத்தில் பத்து நாள் குளித்துவிட்டு வருகிறேன், உடம்புச் சூடு தணியட்டும்” என்று சொல்லிக் கிளம்பினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படித்தான் என்னிடம் வருவார்கள். பையில் எண்ணெய்ப் புட்டியும் துண்டும் இருக்கும். தையல் பிரித்த பிறகு தங்கசாமி அவர்களுக்காகக் குற்றாலத்துக் கடைகளுக்குப் போய் நேந்திரங்காய் வற்றலும் பனங்கற்கண்டும் வாங்கி வருவார். வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே. அருவித் தண்ணீர் ஒரு சொட்டு மேலே படாமல், குளித்துவிட்டு வந்தவர்களாக ஊர் திரும்புவார்கள்.

என்னிடம் வந்ததையே ஒப்புக்கொள்ளாதவன் என்னைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? இதை அப்போதே இவ்வளவு தெளிவாக யோசித்தேனா என்று கேட்டீர்கள். யோசித்தேன்.

1956 மார்கழியில் சென்னையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டில் இறங்கியிருந்த சமயம். ஆண்களுக்கு விந்துக்குழாயை வெட்டிக் கட்டும் அறுவையைப் பற்றிப் பேசினார்கள். வெட்டிய குழாய் தானாகவே மறுபடி சேர்ந்துகொள்ளுமா, சேர்ந்தால் எத்தனை வருடத்தில் என்று ஒருவர் எழுந்து கேட்டார். மேடையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. செய்துகொண்டவன் எவனும் திரும்பி வருவதில்லை, வந்தால்தானே பார்க்க முடியும் என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு எளிய கேள்விக்கு இத்தனை பேரிடம் பதில் இல்லையே என்று எரிச்சலாக இருந்தது. ரயிலில் விருதுநகர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். என் நோயாளிகள் திரும்பி வருவார்கள். ஓதம் மறுபடி நீர் கோத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே உணர்வு இருக்காது. நடுவில் துணித்திரை. நீரை வடித்துப் பையைத் திருப்பித் தைக்கும்போது விந்துக்குழாய் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டிக் கட்டப் பத்து நிமிடம் கூடுதலாகும். யாருக்கும் அதனால் வலி கூடவில்லை, காய்ச்சல் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து விந்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நீர் சேர்கிறதா என்று பார்ப்பதற்காக என்று சொல்லியிருந்தேன். நம்பினார்கள்.

என்றென்றைக்கும் அப்படியே விட்டுவிட நினைக்கவில்லை. ஐந்து வருடம் பார்த்த பிறகு நானே சேர்த்துத் தைத்துவிடுவதாக இருந்தேன். இரண்டு பேருக்கு முன்கூட்டியே செய்தும் பார்த்தேன். சரியாக வரவில்லை. முதல் வருடம் பிள்ளைகுட்டிக்காரர்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் நாற்பது தாண்டியவர்களை நம்ப முடியாது. நடவு என்பார்கள், கோயில் கொடை என்பார்கள், சோதனை நாளைத் தவறவிட்டுவிடுவார்கள். இளவட்டங்கள்தான் சொன்ன தேதிக்கு வந்தார்கள். அதனால் மறு வருடம் இளவட்டங்களை எடுத்துக்கொண்டேன்.

பலவேசம் பதினேழாம் எண். 1958 ஆடியில் வந்தான். பண்பொழிக்காரன், இருபத்தாறு வயது, திருமணமாகி ஆறு மாதம். போலீஸ் ஆள் எடுப்பில் உயரம், நெஞ்சளவு, ஓட்டம் எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் துணியைக் களைந்து நின்றபோது ஓதம் என்று கழித்துவிட்டார்கள்.

“அடுத்த ஆள் எடுப்புக்குள்ள சரியாயிருமாய்யா?” என்று கேட்டான்.

“ஆகிவிடும். ஆனால் நான் சொல்கிற நாளுக்கெல்லாம் வந்து காட்ட வேண்டும்.”

“நீங்க எப்ப வரச் சொல்லுதியளோ அப்ப வாரேன்.”

வாசலில் அவன் கழற்றியிருந்த செருப்பு ஜோடியாக, கோணாமல் இருந்தது. இவன் நாள் தவற மாட்டான் என்று அதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தவறவும் இல்லை. மறு வருடம் போலீஸில் சேர்ந்து, காக்கிச் சட்டையோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தோப்பு மாம்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை இப்போதும் மறுக்கவில்லை.

1960 பங்குனியில் ஒரு பெண் வந்தாள். ஆண்களுக்கு மட்டும்தான் என்று தங்கசாமி சொல்லியும் போகவில்லை. இலஞ்சியில் பிறந்தவள், தங்கசாமிக்கும் அந்த ஊர்தான், தட்ட முடியாமல் உள்ளே விட்டார். பெயர் குழல்வாய்மொழி. பண்பொழியில் வாக்கப்பட்டிருக்கிறாள், புருஷன் போலீஸ்காரர் பலவேசம் என்று அவளே சொன்னாள். அவன் என் நோயாளி என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தான் என்று மட்டும் தெரியும்.

ஒரு நர்ஸம்மாவை வரவழைத்துச் சோதித்துப் பார்த்தோம். நல்ல ஆரோக்கியம். அப்படியே சொன்னேன்.

“அத ஒரு தாள்ல எழுதித் தாங்கய்யா. எங்க அத்தை கையில குடுக்கணும்” என்றாள்.

“அவர்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாது. ஆனா டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளுன்னா பயப்படுவாவ. ரெண்டு வருசமா திருமலைக்கோயில் படி ஏறுதேன். எந்த விரதமும் பாக்கி இல்ல. வார ஆடிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா தீத்து எங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிருவோம்னு சொல்லுதாவ. இவுக ஸ்டேஷன்லேருந்து வந்தா வாயத் தொறக்க மாட்டேங்காவ. நான் எங்கன போவேன்?”

அவள் அழவில்லை. வேலைக்கு மனுப்போட வந்தவள் மாதிரி நேராக நின்று கேட்டாள். அந்தத் தாளை எழுதினால் அடுத்து யாரைச் சோதிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வேறொரு டாக்டர் தொட்டுப் பார்த்தால் குழாயில் நான் போட்ட முடிச்சு விரலில் தட்டுப்படும். பதினேழாம் எண் மட்டுமில்லை, எல்லா எண்களும் போய்விடும். எழுதித் தருகிற வழக்கம் இல்லை என்று சொல்லி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அதனால்தான் சித்திரையில் பலவேசம் சோதனைக்கு வந்தபோது அவனை உட்காரவைத்துப் பேசினேன். “குறை உன்னிடம்தான் பலவேசம். உன் விந்தில் உயிரணு இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. உன் மனைவியை யாரும் பழிசொல்லாமல் பார்த்துக்கொள்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

“இத அவகிட்டச் சொல்லணுமாய்யா?”

“வேண்டியதில்லை.”

“வெளிய தெரிஞ்சா நான் நாண்டுக்கிட்டுத்தான் நிக்கணும். ஒங்களோட போகட்டும்யா.”

வீட்டுக்குப் போனவன் தன் அம்மா மாரித்தாயிடம், அவளை அனுப்பினால் தானும் கிளம்பிவிடுவேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை. தீர்த்துவிடும் பேச்சு அத்தோடு நின்றது. குழல்வாய்மொழி தங்கசாமியைக் கோயிலில் பார்த்து, டாக்டரய்யா மாத்திரை கொடுத்த நேரம் என்று சந்தோஷமாகச் சொன்னாளாம். அந்த வீட்டில் அவளை இருக்கவைத்தது நான்தான்.

1961 ஆடி மாதச் சோதனைக்கு அவன் வரவில்லை. அருவிக்கரை பந்தோபஸ்துக்குப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கார்டு எழுதியிருந்தான். ஆவணி இரண்டாம் வாரத்தில், நாள் குறிக்காமலே வந்து நின்றான். முகத்தில் நாலு நாள் தாடி.

“இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்கய்யா” என்றான்.

“ஏன், என்ன?”

“அவ முழுகாம இருக்கா. மூணு மாசம். அம்மா தெரு முழுக்கச் சீனி குடுத்துட்டா. எல்லாவனும் என் கையப் புடிச்சுக் குலுக்குதான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒண்ணும் பேசல. ஒங்ககிட்டக் கேட்டுக்கிட்டுப் பேசலாம்னு வந்தேன்” என்றான்.

சோதனைக்குக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குமிழைத் திருப்பினேன். ஓரத்தில் ஒன்று அசைந்தது. பிறகு இரண்டு, பிறகு ஐந்தாறு, தலையும் வாலுமாகத் துடிப்பாக நீந்தின. வெட்டிக் கட்டிய குழாய் மூன்றாம் வருடத்தில் தானாகவே சேர்ந்திருந்தது. சென்னை மேடையில் ஒருவருக்கும் தெரியாத பதில் தென்காசியில் என் மேஜைமேல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. தங்கசாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். முதல் நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரியும், என் பக்கத்தில் நின்று நூல் எடுத்துக் கொடுத்தவர் அவர். “அப்பாடா. அந்தப் புள்ள பொழச்சிட்டு. போய்ச் சொல்லுங்கய்யா, வெளிய உக்காந்திருக்கான்” என்றார்.

ஆய்வுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு தடவை பார்த்தது முடிவாகாது. புட்டி சரியாகக் கழுவப்படாமல் வேறொருவருடையது கலந்திருக்கலாம். மூன்று வாரம் விட்டு இன்னொரு முறை பார்த்து, அப்போதும் இருந்தால்தான் அது கணக்கில் சேரும். உனக்கு உயிரணு இருக்கிறது, பிள்ளை உன்னுடையதுதான் என்று அந்த நிமிடம் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? வீட்டுக்கு ஓடியிருப்பான். பிறகு என்னிடம் திரும்பி வந்திருப்பானா? பிள்ளை வரப்போகிறவன் இந்த மாதிரிச் சோதனைக்கு எதற்கு வரப்போகிறான்? அப்படியே வந்தாலும், நடுவில் ஏன் இல்லாமல் போயிற்று என்று கேட்பான். கவலையோடு போகிறவன்தான் திரும்பி வருவான்.

வெளியே போனேன். “மாற்றம் இல்லை பலவேசம். ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டு நான் முடிவு சொல்ல மாட்டேன். மூன்று வாரம் கழித்து வா” என்றேன். இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னேன் என்பதைத் தங்கசாமியிடமே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

“சரிங்கய்யா” என்றான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரிந்திருந்ததா என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியாது என்றும் சொல்ல மாட்டேன், நானும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். மூன்று வாரம் பொறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை நாள் தவறி, அதற்கும் கார்டு எழுதியவன்.

நாலாம் நாள் அவளைத் தோப்புக்குக் கூட்டிப்போய் வெட்டிவிட்டான். அரிவாளோடு தன் ஸ்டேஷனுக்கே நடந்துபோய் மேஜைமேல் வைத்தான். நடத்தை சரியில்லை என்று மட்டும் சொன்னான். யாரோடு என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. தன்னிடம் குறை என்று ஒரு டாக்டர் சொன்னதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வக்கீல் அதை வைத்துத் தண்டனையைக் குறைக்கப் பார்த்திருப்பார். தூக்குக் கயிற்றுக்கு முன்னால் நின்றாலும் அவன் அதைச் சொல்ல மாட்டான். நான் ஆள் பார்த்துத்தான் எடுத்திருந்தேன்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது இந்தப் பக்கத்தில் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவளுடைய பாரமும் இறங்கும் என்பார்கள். இலஞ்சியில் அவள் அம்மா முப்பிடாதியம்மாள் கல்லுக்குச் சொல்லிவிட்டாள். பண்பொழியில் நட விடவில்லை. இலஞ்சியிலும் விடவில்லை. எவன் பிள்ளைக்கு எந்த ஊரில் கல் நடுவது என்று கேட்டார்களாம். கொத்திய கல் ஆசாரி வீட்டு வேலியோரம் கிடந்தது.

பதினாறாம் நாள் தங்கசாமி முப்பிடாதியம்மாள் வீட்டிலிருந்து நேராக என்னிடம் வந்தார்.

“அந்தப் பொம்பள கல்லக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அது அவன் புள்ளதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. செத்தவளுக்கு நல்ல பேராவது மிஞ்சட்டும். நானும் பாவி, நானும் ஒங்ககூட வந்து சொல்லுதேன்.”

இரண்டாம் சோதனை இன்னும் ஆகவில்லை, ஆனதும் பார்ப்போம் என்றேன். அவர் மருந்து அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். உங்களிடம் வர அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

மற்ற இருபத்தெட்டுப் பேரின் பெயர்களையும் கேட்கிறீர்கள். அதை மட்டும் தர மாட்டேன். நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவது டாக்டரின் முதல் கடமை. இந்த ஆய்வைப் பற்றி நான் எழுதியிருக்கும் கட்டுரையில்கூட யார் பெயரும் இல்லை, எண் மட்டும்தான். பதினேழாம் எண்ணைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். குழாய் தானாகச் சேர்ந்ததற்குக் கூடுதல் சான்றாக, மனைவி கணவனால் கருவுற்றாள் என்று அதில் குறிப்பிட்டிருக்கிறேன். ஆக, அவளைப் பற்றிய உண்மையை நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான்தான் வெட்டினேன், நான்தான் மறைத்தேன், இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்று சொன்னேன். அவன் அரிவாளை எடுத்தது என் வார்த்தையை நம்பி. அவளும் அவள் வயிற்றில் இருந்ததும் என்னால் செத்தார்கள். இதில் எந்த வரிக்குக் கீழேயும் கையெழுத்துப் போடுவேன்.

ஆனால் அடுத்த மாதம் விசாரணை தொடங்குவதற்கு முன்னால் பலவேசத்திடம் இதையெல்லாம் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்கிறேன். மூன்று வாரம் முடிந்த நாளில் சப்ஜெயிலுக்குப் போனேன். என் நோயாளி, பழைய அறுவையைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே விட்டார்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நீர் சேர்ந்திருக்கிறதா பார்க்கிறேன் என்றேன். அங்கேயும் அவன் தட்டிச் சொல்லவில்லை. சோதனைக்கு ஒரு துளி கிடைத்தால் போதும், அதை எடுக்கும் வழி எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். நீந்தின. முதல் தடவையைவிட அதிகம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சாயங்காலம் திரும்பவும் போனேன். சோதனைக்குக் கொடுத்தவனுக்கு முடிவைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இப்பவும் அப்பிடியேதானாய்யா?” என்று கேட்டான்.

ஆய்வு முடிந்துவிட்டது. இனி அவன் எனக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. உண்மையைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

“அப்படியேதான்” என்றேன்.

“அப்ப நான் செஞ்சது தப்பில்ல” என்று சொல்லி, கம்பிக்குள்ளிருந்தே என்னைக் கும்பிட்டான். ஜெயிலுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சோறு தின்றானாம், மறுநாள் காவலர் சொன்னார். இத்தனை நடந்த பிறகு அந்த மனிதனுக்கு ஒருவர் செய்யக்கூடிய நன்மை அது ஒன்றுதான் இருந்தது, அதை நான் செய்தேன். அதையும் என் குற்றங்களோடு சேர்த்துவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர்.